மூன்று அங்குலப் படி: காஜா பெராங் தண்ணீர்க் கோபுரத்தில் நான் பார்த்ததும் செய்ததும்

போன அக்டோபர் மாதம் மலாக்காவுக்குப் போய் வந்தேன். எதற்குப் போனாய் என்று யாராவது கேட்டால் ஊர் பார்க்க என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அலுவலகத்தில் அப்படித்தான் சொன்னேன். ஆனால் பயணக் கட்டுரையை நம்பி வாசகர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள், அவர்களிடம் பொய் சொல்லக் கூடாது. ஒருவன் கட்டிய கட்டடத்தில் குறை கண்டுபிடிக்கப் போனேன்.

அவன் பெயர் சோமசுந்தரம். நானும் அவனும் சிரம்பானில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் பதினோரு வருடம் பிளான் வரைந்தவர்கள். கோடு இழுப்பதில் நான்தான் கெட்டிக்காரன். இதை நானே சொல்லிக்கொள்ளவில்லை, எங்கள் பெரிய துரையே சொல்லியிருக்கிறார். சோமு பிளான் வரையும் துணித்தாளில் மை சிந்துவான், எழுத்து கோணும், மதியம் தூங்குவான். சுதந்திரம் வந்த மறுமாதமே வேலையை விட்டுவிட்டு மனைவியின் ஊரான மலாக்காவுக்குப் போய்விட்டான். பைத்தியக்காரன், பென்ஷனை விட்டுவிட்டுப் போகிறானே என்று நான் உச்சுக் கொட்டினேன்.

மலாக்காவில் காஜா பெராங் என்ற பகுதியில் வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் கோபுரம் ஒன்று இருக்கிறது. மேலே ஓர் இரும்புத் தொட்டி. ஒரு காலத்தில் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தது, பிறகு குழாய் வந்ததும் வேலையில்லாமல் நின்றது. அதை இடிக்காமல் ஊர்மக்களுக்குப் பயன்படும்படி மாற்ற வேண்டும் என்று அந்த ஊரில் சிலர் சேர்ந்து ஒரு கோபுரக் குழு அமைத்தார்கள். பிளான் வரையத் தெரிந்த யாரும் அனுப்பலாம், துரைமார்தான் என்றில்லை என்று பத்திரிகையில் வந்தது. நான் அனுப்பினேன், சோமுவும் அனுப்பினான். அவனுடையதை எடுத்துக்கொண்டார்கள்.

வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது. ஏனென்றால் அந்தக் கோபுரம் எனக்குத்தான் தெரியும். எட்டு வருடத்துக்கு முன்னால் அதை அளந்து படம் வரைந்து வரச்சொல்லி அலுவலகம் என்னைத்தான் அனுப்பியது. சோமு அதைக் கண்ணால்கூடப் பார்க்காத காலம் அது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. பன்னிரண்டரைக்கு மேசையைப் பூட்டிவிட்டு, சிரம்பான் டாக்ஸி நிறுத்தத்துக்கு ஒரு மணிக்கு வந்தேன். பஸ்ஸில் போனால் இரண்டு வெள்ளி இருபது காசுதான், ஆனால் தம்பினில் இறங்கி மாற வேண்டும், மூன்று மணி நேரம் ஆகும். நாலு பேர் சேர்ந்து போகும் டாக்ஸிக்குத் தலைக்கு மூன்று வெள்ளி. ஏறக்குறைய ஐம்பத்து மூன்று மைல். ஒன்றே காலுக்கு நாலாவது ஆள் வந்து சேர்ந்ததும் வண்டி கிளம்பியது. நான் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். டிரைவர் நம்மவர், பெயர் முனியாண்டி, பேச்சுக்குப் பஞ்சமில்லை.

"காஜா பெராங்குக்கா? அந்தத் தண்ணித் தொட்டிக் கோபுரத்தப் பார்க்கவா போறீங்க?" என்று கேட்டார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இப்ப எல்லாரும் அதான கேக்குறாங்க. போன வாரம் எம் பொஞ்சாதியக் கூட்டிக்கிட்டுப் போனேன். மேல உக்காந்து பேப்பர் படிச்சா காத்து சும்மா சிலுசிலுன்னு வருதுங்க. யாரோ நம்ம தமிழ் ஆளுதான் பிளான் போட்டாராம்லா. பெருமையா இருக்கு."

"பழைய கட்டடம். பார்த்து ஏறணும்," என்றேன்.

"அதெல்லாம் கல்லு மாதிரி பண்ணிட்டாரு."

எனக்கும் பெருமையாக இருந்திருக்க வேண்டும். நான் ஜன்னல் பக்கம் திரும்பி ரப்பர் மரங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். தம்பின் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது, அலோர் காஜாவில் விட்டது. மூன்று மணிக்கு மலாக்கா.

ஆற்றோரம் ஒரு சீனர் ஹோட்டலில் நாலு வெள்ளிக்கு அறை எடுத்தேன். விசிறி இருக்கிறது, குளியலறை பொது. சோமு வீடு இருக்கும்போது ஹோட்டல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். குறை கண்டுபிடிக்கப் போகிறவன் அவன் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டா போவான்? அந்த அளவுக்கு எனக்கும் ஒரு நியாயம் உண்டு.

அங்கிருந்து காஜா பெராங்குக்கு ஒரு மைலுக்குச் சற்று மேல். மூன்று சக்கரத் திரிஷாவுக்கு ஐம்பது காசு. கொஞ்சம் பேரம் பேசினால் நாற்பதுக்கும் வருவார்கள்.

கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததும் முதலில் நிம்மதி. அப்படியே பழைய செங்கல்லாகத்தான் நின்றது. என்ன செய்திருக்கிறான், ஒன்றும் செய்யவில்லையே என்று நினைத்தேன். நான் கொடுத்த பிளானில் செங்கல் முழுவதையும் சிமெண்டு பூசி மறைத்து, தொட்டியைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, கோலாலம்பூரில் புதிதாக எழும்புகிற சினிமாக் கொட்டகைகளின் பாணியில் உச்சியில் தட்டையாக ஒரு கூரை வைத்திருந்தேன். புது நாடு, புது முகம் என்று அதற்கு ஒரு தலைப்பும் கொடுத்திருந்தேன். அந்தத் தலைப்பை எழுத மட்டும் இரண்டு நாள் ஆனது.

கிட்டப் போனதும் நிம்மதி போய்விட்டது. கீழ்த்தளத்தில் நாலு பக்கமும் வளைவுகளைத் திறந்துவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உட்காரத் திண்டுகள். மூலையில் ஒரு கோப்பிக் கடை. அதற்கு மேல்தளத்தில் பெரியவர்களுக்கு எழுத்து கற்றுக்கொடுக்கும் வகுப்பு. அதற்கும் மேலே கேரம் பலகைகள், ஒரு ரேடியோ. உச்சியில் வாசகசாலை. காலை ஒன்பது முதல் மாலை ஏழு வரை திறந்திருக்கும், கட்டணம் கிடையாது. மொத்தம் எழுபத்தொன்பது படிகள். எண்ணிக்கொண்டுதான் ஏறினேன்.

கூட வந்தவர் கோபுரத்தின் காவல்காரர், ஜாகா வைத்திலிங்கம் செட்டி. அந்தப் பக்கத்து மலாக்கா செட்டிகளில் ஒருவர். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். தமிழில் 'சாமி', 'பூஜை' என்ற அளவுக்கு மேல் வரவில்லை. என் அலுவலக மலாயை வைத்துச் சமாளித்தேன். கடைசிப் படிக்கட்டில், உச்சிக்கு இன்னும் ஓர் அடி இருக்கும்போது, அவர் என் முழங்கையைப் பிடித்தார்.

"ஹாத்தி-ஹாத்தி, எஞ்சே."

ஜாக்கிரதை ஐயா என்று சொன்னது புரிவதற்குள் என் கால் 'தொம்' என்று தரையை மிதித்தது. மற்ற படிகளின் உயரத்துக்குக் காலைத் தூக்கியிருந்தேன், ஆனால் அந்தப் படி அவ்வளவு உயரம் இல்லை. தொழில்காரன் சட்டைப் பையில் டேப் இல்லாமல் வெளியே போகமாட்டான். குனிந்து அளந்தேன். மற்ற படியெல்லாம் ஏழு அங்குலம். கடைசிப் படி மட்டும் மூன்று.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. மூன்று அங்குலப் படி! படிக்கட்டின் உயரத்தைச் சரியாக அளக்காதவன்தான் இப்படிச் செய்வான். முதல் வருடம் பயிற்சிக்கு வருகிற பையன்கூட முதலில் மொத்த உயரத்தை அளந்து படிகளால் வகுப்பான். மதியம் தூங்குகிறவனிடம் கோபுரத்தைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டே தொட்டிக்குள் நுழைந்தேன்.

நுழைந்ததும் அந்தச் சந்தோஷத்தில் பாதி போய்விட்டது. சோமு தொட்டியைக் கழற்றவில்லை, அதையே அறையாக்கிவிட்டான். சுற்றிலும் இரும்புத் தகட்டில் ஜன்னல் வெட்டி, வெட்டிய துண்டைத் தூக்கி எறியாமல் அதே ஜன்னலுக்கு வெயில் மறைப்பாக மேலே மடக்கி வைத்திருக்கிறான். இரும்பு அறையில் எதிரொலி கேட்குமே என்று நான் வேண்டுமென்றே செருமினேன். கேட்கவில்லை. உட்சுவர் முழுக்கப் பிரம்பில் பாய் பின்னி அடித்திருந்தான். நாலு மொழிப் பத்திரிகைகள் கிடந்தன. ஒரு மலாய்க்கார வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். சீன நர்ஸ் ஒருத்தி ஜன்னலோரம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே தென்னைகள், ஓட்டுக் கூரைகள், அதற்கு அப்பால் ஒரு கோடு கடல். காற்று முனியாண்டி சொன்னபடியே வந்தது.

இது எனக்கு ஏன் தோன்றவில்லை? அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன், ஒரு வரி படிக்கவில்லை. இந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப. பிறகு அந்த மூன்று அங்குலம் ஞாபகம் வந்து கொஞ்சம் ஆறுதல் தந்தது.

ஐந்தரை மணிக்கு ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் போனேன். அந்தத் தெருவில் விநாயகர் கோயிலும் கம்போங் கிளிங் பள்ளிவாசலும் இருக்கின்றன, இரண்டையும் அவசியம் பாருங்கள். நான் அன்றைக்குப் பார்க்கப் போனது அவற்றையல்ல. கோபுரக் குழுவின் செயலாளர் இப்ராஹிம் ராவுத்தர் அங்கே பக்கத்தில்தான் இரும்புக்கடை வைத்திருக்கிறார். ஆணிக் கூடைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார், கோப்பி வரவழைத்தார். நான் கோபுரத்தை ஒரேயடியாகப் புகழ்ந்துவிட்டு, எழுந்திருக்கும்போது போகிற போக்கில் சொல்வது போல ஆரம்பித்தேன்.

"ஒண்ணே ஒண்ணுதான். அந்தக் கடைசிப் படி..."

"அதுல எல்லாரும் தடுக்குறாங்க. என்னமோ சிமெண்டு கொறஞ்சு போச்சுன்னு நெனச்சேன்," என்றார் ராவுத்தர்.

"சிமெண்டு இல்லைங்க. அளவு. அந்தக் கோபுரத்த எட்டு வருசத்துக்கு முன்னால அளந்தவன் நான்தான், ஒவ்வொரு அங்குலமும் கைப்பட அளந்தேன். அளக்காம கட்டினா இப்படித்தான் வரும். சின்னத் தப்புதான். பெரிய கட்டடத்துல வந்தாத்தான் ஆபத்து."

ராவுத்தர் தாடியைத் தடவினார். நான் ஹோட்டலுக்குத் திரும்பி நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை, சொல்லாமல் ஊர் திரும்பினால் நன்றாக இருக்காது என்று சோமு வீட்டுக்குப் போனேன். கோபுரத்திலிருந்து பத்து நிமிட நடை. அவன் பனியனோடு வெளியே வந்தான்.

"டேய் பரமு! இவ்வளவு காலையில எப்படிடா? நேத்தே வந்துட்டியா? ஹோட்டல்ல தங்குனியா? அறிவு இருக்காடா உனக்கு?"

அவன் மனைவி கமலா, "பசியாறியாச்சாண்ணே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் தோசைக் கல்லைப் போட்டாள்.

அவன் முகத்தில் எப்போதும் இருக்கிற சிரிப்பு இல்லை. என்ன என்று கேட்டேன்.

"புதுசா மார்க்கெட்டுக் கட்டடம் ஒண்ணு கட்டப் போறாங்க. அதே குழுதான் ஆளத் தேர்ந்தெடுக்குது. நாளைக்குப் பத்து மணிக்குக் கூடுறாங்க. எனக்குத்தான்னு சொல்லியிருந்தாங்க. நேத்து சாயங்காலம் ராவுத்தர் ஆளனுப்பி, கொஞ்சம் பொறுங்க, வேற ஆளையும் பார்க்கணும்னு சொல்லிட்டாரு. தொழில் தெரிஞ்ச ஆளு எவனோ வந்து அந்தப் படியப் பத்திச் சொல்லியிருக்கான்."

"ஆறு மாசமா இவருக்கு வேற வேலையே இல்லண்ணே. இத நம்பித்தான் இருந்தோம்," என்றாள் கமலா.

நான் தோசையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "அந்தப் படி எப்படிடா அப்படி ஆச்சு?"

சோமு சிரித்தான். அலமாரியைத் திறந்து நீலத்தாள் நகல் படம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தான். அதை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். கோபுரத்தின் பழைய படம். எழுத்தெல்லாம் முத்து முத்தாக இருந்தது. கீழே வலது மூலைக் கட்டத்தில், அளந்து வரைந்தவர் என்ற இடத்தில், என் கையெழுத்து.

"கீழ்த்தளம் சரி. அதுக்கு மேல பன்னெண்டு அடி பத்து அங்குலம், அதுவும் சரி. அதுக்கும் மேல, தொட்டிக்குக் கீழ, பாரு," என்றான்.

அங்கே எண் இல்லை. 'மேற்படி' என்று பொருள்படும் இரண்டு சின்னக் கோடுகள் போட்டிருந்தேன். அதாவது அதுவும் பன்னிரண்டு அடி பத்து அங்குலம்.

"உள்ளபடி பன்னெண்டு அடி ஆறு அங்குலம்டா. நாலு அங்குலம் கம்மி."

எங்கள் தொழிலில் இது ஒரு கெட்ட பழக்கம். கீழே அளந்ததையே மேலேயும் இருக்கும் என்று நினைத்து மேற்படி போட்டுவிடுவது. நூற்றுக்குத் தொண்ணூறு தடவை சரியாகவே இருக்கும். படத்தைப் பார்த்ததும் அந்த மத்தியானம் எனக்குக் கண்முன் வந்தது. ஏணி உச்சியில், தொட்டியின் அடியில், ஒரு பெரிய தேன்கூடு. நாலைந்து தேனீ காதோரம் சுற்றின. நாலு மணிக்கு சிரம்பான் பஸ். நான் இறங்கிவிட்டேன். அந்தத் தளத்தில் நான் டேப்பை விரிக்கவே இல்லை. எட்டு வருடமாக எல்லாரிடமும் ஒவ்வொரு அங்குலமும் அளந்தேன் என்று சொல்லிச் சொல்லி, நானே அதை நம்பிவிட்டிருந்தேன்.

சோமு சொன்னான்: "நான் வந்தப்ப அந்த மேல் ஏணி துருப்பிடிச்சு விழுந்து கெடந்துச்சு. படியெல்லாம் பத்து பெரெண்டாம்ங்கிற ஊர்ல ஒரு பட்டறையில முன்னாடியே வார்க்கக் குடுக்கணும். ஆபீசுல கேட்டு இந்தப் படத்த வாங்குனேன். வேற எவன் வரஞ்சிருந்தாலும் மூங்கிலக் கட்டியாவது ஏறி அளந்திருப்பேன்டா. மூலைல உன் கையெழுத்தப் பார்த்தேன். அப்புறம் என்ன சந்தேகம்? அப்படியே குடுத்துட்டேன். படி வந்து எறங்குனப்புறம்தான் தெரிஞ்சுச்சு. கடைசிப் படிய வெட்டித்தான் வைக்க முடிஞ்சுது."

"இத ஏன் குழுகிட்ட சொல்லல?"

"சொன்னா படி வளருமா? நீ கவர்மெண்டு வேலையில இருக்க, உன் பேரு கெட்டுப்போகும். விடு. மத்தியானம் மீன் வாங்கியிருக்கேன், இருந்து சாப்ட்டுப் போ."

அந்த நிமிடத்தில் அவன்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. கோபுரம் அவனுடையது, பிரம்புப் பாய் யோசனை அவனுடையது, இப்போது இந்தப் பெருந்தன்மையும் அவனுக்கே. எனக்கென்று எதையாவது மிச்சம் வைத்தானா? நேற்று ராவுத்தரிடம் போனது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. மத்தியானம் இருந்து சாப்பிட்டேன். மீன் குழம்பு நன்றாக இருந்தது, இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டேன்.

மாலை ஐந்து மணிக்கு டாக்ஸி நிறுத்தத்துக்கு வந்து சிரம்பான் வண்டியில் ஏறினேன். மூன்று பேர் ஆகிவிட்டோம், நாலாவது ஆள் வர வேண்டும். அவர் மட்டும் சீக்கிரம் வந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும், அல்லது எழுதப்பட்டே இருக்காது. இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கமலா சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. கதவைத் திறந்து இறங்கினேன்.

"என்னாங்க இது, இப்ப எறங்குனா நான் ரெண்டு ஆளுக்குக் காத்துக் கெடக்கணும்!" என்று டிரைவர் கத்தினார். நியாயம்தான். இன்னொரு நாலு வெள்ளிக்கு அதே அறை, அலுவலகத்துக்கு ஒரு தந்தி.

திங்கள் காலை எட்டரைக்கு ராவுத்தர் கடை திறக்கும்போது நான் வாசலில் நின்றேன். தேன்கூட்டிலிருந்து மேற்படி வரைக்கும் சொன்னேன்.

"அளந்தவன் நான்தான்னு சனிக்கெழமையே சொன்னீங்க. நான்தான் அதப் புரிஞ்சுக்கல," என்றார் கடைசியில். "சோமு ஏன் இத எங்ககிட்ட சொல்லல?"

"அவன் அப்படித்தாங்க."

"எழுதிக் குடுப்பீங்களா?"

தயங்காமல் எழுதினேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் அவர் பேனாவை மூடி கழற்றி என் கையில் திணித்துவிட்டார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூலையில், அதே முத்து முத்தான எழுத்தில்.

மார்க்கெட்டுக் கட்டடம் சோமுவுக்கே கிடைத்தது. நான் எழுதிக்கொடுத்த கடிதத்தின் நகல் எங்கள் அலுவலகத்துக்கும் வந்தது. இப்போது எனக்கு வரைகிற மேசை இல்லை. பழைய படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டுபோய் கட்டடங்களை மறுபடி அளந்து வரும் வேலை. மேற்படிகள் நிறைய அகப்படுகின்றன, எல்லாம் என்னுடையவை அல்ல. பொறாமை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. மார்க்கெட்டு பிளானை சோமு எனக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கிறான். நன்றாக இருக்கிறது. எரிகிறது.

போக நினைப்பவர்களுக்கு: டாக்ஸியே மேல், காலையில் கிளம்பினால் ஆள் சீக்கிரம் சேரும். அக்டோபர், நவம்பரில் குடை வேண்டும். போக வர, ஓர் இரவு தங்க, சாப்பாடு, திரிஷா எல்லாம் சேர்த்துப் பதினைந்து வெள்ளி தாராளம். கோபுரத்துக்கு நாலு மணிக்கு மேல் போங்கள், மேல் அறையில் மேற்கு ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். வைத்திலிங்கம் செட்டியிடம் மலாயில் இரண்டு வார்த்தை பேசினால் தொட்டியின் வெளிப்பக்கத்தையும் காட்டுவார்.

உச்சிக்குப் போகும் கடைசிப் படியில் காலைக் குறைவாகத் தூக்குங்கள். இரண்டு நாள் முன்னால் சோமு கடிதம் போட்டிருந்தான், அதில் அந்தச் சனிக்கிழமை ராவுத்தரிடம் போய்ப் படியைப் பற்றிச் சொன்னவன் யாரென்று இன்னும் தெரியவில்லையடா, கேட்டால் அவரும் சொல்ல மாட்டேன் என்கிறார் என்று ஒரு வரி இருந்தது. பத்திரிகையில் இந்தப் பயணப் பகுதியை அவன் தவறாமல் படிப்பான். சோமு, அதுவும் நான்தான்.